அலுமாரியில் ஓர் இண்டி ஆல்பம்: உக்குவளைவாசிகளுக்கான வழிகாட்டி

பாட்டுக் கேட்பவர் வேறு, பாட்டுச் சேர்ப்பவர் வேறு. கேட்பவருக்கு ஒரு ரேடியோ போதும். சேர்ப்பவருக்கு ஓர் அலுமாரி வேண்டும், அதைத் திறந்து காட்ட ஒரு விருந்தாளி வேண்டும், அந்த விருந்தாளி பாதியில் எழுந்து போகாமலிருக்க மழையும் வேண்டும். உக்குவளையில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூன்றாவது தேவைக்கு மேலேயே கிடைக்கும். இந்த வழிகாட்டி இரண்டாம் வகையினருக்கு. முதல் வகையினர் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம்.

என் அலுமாரியில் 180 கெசட் இருக்கிறது. மேல் தட்டில் சீர்காழி, டி.எம்.எஸ்., அம்மா வாங்கி வைத்த மாரியம்மன் பாட்டுகள். நடுத் தட்டு இளையராஜாவுக்கு. அதில் பாதி இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதது. கீழ்த் தட்டில் உள்நாட்டுச் சரக்கு: ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி', நித்தி கனகரத்தினத்தின் 'சின்னமாமியே', ஜிப்சீஸ் குழுவின் பைலா இரண்டு. குறை சொல்ல முடியாத சேகரிப்பு. ஆனாலும் வீட்டுக்கு வருகிற ஒருவராவது அலுமாரி முன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. ஏன் நிற்கப்போகிறார்? இதெல்லாம் அவர் வீட்டிலும் இருக்கிறது. அல்லது போன வருஷம்வரை இருந்து, பழைய போத்தல் பேப்பர் எடுக்க வருகிறவரின் சாக்குக்குள் போய்விட்டது.

ஆக, சேர்ப்பவரின் முதல் சட்டம்: அக்கம்பக்கத்தில் எவரிடமும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். உலகத்தில் இந்தச் சட்டத்தை அடியொற்றி நடந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வூ-டாங் கிளான் என்ற ராப் குழு ஓர் ஆல்பத்தைச் செய்து ஒரே ஒரு பிரதி மட்டும் அடித்து, 2015இல் ஒரே ஓர் ஆளுக்கு விற்றது. 2103 வரைக்கும் அதை வியாபாரமாக வெளியிடக்கூடாது என்று ஒப்பந்தம். விலை 20 இலட்சம் டொலர் என்றார்கள். நமக்கு அவ்வளவு வசதி கிடையாது. நமக்குக் கட்டுப்படியாவது இண்டி ஆல்பம்தான்.

இங்கே உச்சரிப்புப் பற்றி ஓர் எச்சரிக்கை.

ஒரு நாள் பின்னேரம் வாசலில் நின்று, கண்டியிலிருக்கும் பள்ளித் தோழனிடம் போனில், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, "ஒரு இண்டி பாண்ட் ஆல்பம் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சூன் பாண் ஓட்டோ வந்தது. வெளியூர் வாசகருக்காக: இலங்கையில் பாண், பணிஸ் விற்கும் ஓட்டோ பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வரும். அந்த ஜெர்மன்காரர் உக்குவளைக் குழந்தைகளின் மனதில் சீனிச் சம்பல் பணிஸாகத்தான் வாழ்கிறார். ஓட்டோக்காரத் தம்பி சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தலையை நீட்டி, "இந்தி பான் நே ஐயே, கிம்புலா பனிஸ் தியெனவா" என்றான். சிங்களத்தில் 'இந்தி' என்றால் ஈந்து. நோன்பு மாதத்தில் கடை கடையாகத் தொங்கும் பேரீச்சம்பழத்துக்கு 'ரட இந்தி' என்று பெயர். பாண் எல்லோருக்கும் பாண்தான். பேரீச்சம்பழப் பாண் இல்லையாம், முதலைப் பணிஸ் இருக்கிறதாம். இரண்டு வாங்கிக்கொண்டேன்.

சரி, தூய தமிழில் சொல்லிவிடலாம் என்று நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். 'சுயாதீன இசைக்குழு' என்றேன், சந்தியில் தேத்தண்ணிக் கடையில். நம் நாட்டில் கட்சி கிடைக்காதவர்கள் சேர்ந்து தேர்தலுக்கு நிற்பதற்குச் சுயேச்சைக் குழு என்று பெயர். காதில் விழுந்தது அதுதான். "பிரதேச சபைக்கா? என்ன சின்னம்?" என்று கேட்டார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர், "எத்தனையாம் இலக்கம்னு சொல்லுங்க, போட்டுறலாம்" என்று ஆதரவே தெரிவித்துவிட்டார்.

ஆகவே சொல்லை விடுங்கள், பொருளைப் பிடியுங்கள். பெரிய கம்பெனி இல்லாமல், படம் இல்லாமல், கதாநாயகன் வாயசைக்காமல், தன் காசிலோ கடன் காசிலோ தானே பாடித் தானே வெளியிடுவது இண்டி. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு தெரிந்தவர்களிடம் 500 பவுண் கடன் வாங்கி, நாலு பாட்டுள்ள இசைத்தட்டொன்றைத் தானே அடித்தது. முதல் தவணை 1000 பிரதி. இங்கிலாந்தில் இதை ஒரு புரட்சியாக இன்றைக்கும் பேசுகிறார்கள். கடன் வாங்கிக் கச்சேரி வைப்பது நமக்கு என்ன புதிதா? எங்கள் பக்கம் தேர்த்திருவிழா முடிந்து அடுத்த தேர் வரும்வரை கட்டுகிற கடன் அதுதானே.

கூர்ந்து பார்த்தால் என் கீழ்த் தட்டிலேயே இண்டி இருக்கிறது. 1970களில் நம் பையன்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, மாமியையும் கள்ளுக்கடையையும் வைத்துச் சொந்தமாகப் பாட்டுக் கட்டினார்கள். சினிமாவும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. அதைப் பொப் இசை என்றோம். இண்டி என்ற சொல் வருவதற்கு முன்னமே இண்டியாக இருந்துவிட்டதால் அவர்கள் கணக்கில் சேரவில்லை. தவிரவும், சேர்ப்பவரின் இரண்டாம் சட்டம் இப்படிச் சொல்கிறது: குழு தூரத்தில் இருக்க வேண்டும். கண்டியில்கூட 'பாரனொய்ட் எர்த்லிங்' என்று ஒரு ரொக் குழு உண்டு. ஆனால் கண்டி குழுவைச் சேர்த்தால் என்றாவது ஒருநாள் மாத்தளை பஸ்ஸில் அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்து ஆசனத்தில் இருந்துவிடக்கூடும். பிறகு என்ன மரியாதை?

நான் தேர்ந்தெடுத்தது சென்னை. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்காரர் டென்மாவும் சேர்த்த கூட்டம். தொடக்கத்தில் 19 பேர். கானாவும் ராப்பும் ரொக்கும் ஒரே மேடையில். பறை, சட்டி, கட்டை மேளத்துக்குப் பக்கத்தில் கிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் புழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்ற எண்ணத்திலிருந்து எடுத்த பெயர். முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில். அதே மாதம் 22ஆம் திகதி அதே சென்னையில்தான் நம் மனோகரன் காலமானார். பதினாறு நாள் இடைவெளி. இப்படிப்பட்ட தற்செயல்களை மனதில் குறித்து வையுங்கள். விருந்தாளியிடம் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும்.

இனி ஆல்பத்தைக் கையில் எடுப்பது எப்படி என்று பார்ப்போம். எடுக்க முடியாது. அது போனுக்குள் இருக்கிறது. போனுக்குள் இருப்பதை அலுமாரியில் வைக்க முடியாது. போனையே வைக்கலாம், ஆனால் வீட்டில் கேட்பார்கள். எனவே கெசட்டை நீங்களே செய்துகொள்ள வேண்டும். இந்தப் படியில்தான் அதிகமான சேகரிப்பாளர்கள் கழன்றுவிடுகிறார்கள்.

சந்தியில் நானா ஒருவர் கடை வைத்திருக்கிறார். இன்றைக்கு அது போட்டோகொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம். முப்பது வருஷத்துக்கு முன் அதுதான் ரெக்கோடிங் பார். பன்னிரண்டு பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை போனால் கெசட் தயாராக இருக்கும். எழுதாத பதின்மூன்றாவது பாட்டு ஒன்று, நானாவின் சொந்த ரசனையில், கடைசியில் ஒட்டியிருக்கும். அதற்குக் காசு கிடையாது. அவரிடம் போய் வெறும் கெசட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எனத்துக்கு மகன்?"

"ஒரு ஆல்பம் பதியணும் நானா." பெயரைச் சொன்னேன்.

"காஸ்ட்லெஸ்ஸா? விலை இல்லாமயா தாராங்க?"

'காஸ்ட்' என்ற சொல்லுக்கு விலை என்றும் சாதி என்றும் இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பதை அவருக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டும் ஒண்டு தானே மகன்" என்றார், போட்டோகொப்பி மிசினை மூடிக்கொண்டே. நான் அந்த ஆல்பத்தைப் பற்றிப் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் இல்லை.

வெறும் கெசட் கடையில் இல்லை. உள்ளறையில் தேடி, கல்யாண வீட்டு நாதஸ்வரம் பதிந்த டிடிகே அறுபது கெசட் ஒன்றை எடுத்துத் தந்தார். யாரோ பதியக் கொடுத்து, வாங்க வராமலே போனது. "அழிச்சிட்டுப் பதியுங்க. கலியாணம் முடிஞ்சி பேரப்பிள்ளையும் ஈக்கும் இப்ப."

இனிக் கவனமாகப் படியுங்கள். கெசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் இரண்டு சின்னச் சதுரப் பற்கள் இருக்கும். முக்கியமான பதிவென்றால் அதை உடைத்துவிடுவார்கள். உடைந்தால் அதன் மேல் எவரும் பதிய முடியாது. கல்யாண வீட்டார் இரண்டையும் உடைத்திருந்தார்கள். பயப்பட வேண்டாம். அந்தக் குழியின் மேல் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டி நகத்தால் நன்றாக அழுத்துங்கள். மிசின் ஏமாந்துவிடும். பிறகு ஆறு பட்டைப் பென்சில் ஒன்றை எடுத்துப் பல்சக்கரத்தில் செருகி, முன்னால் உள்ள வெறும் நாடா முடிந்து கபில நிறம் தெரியும்வரை சுற்றுங்கள். சுற்றாமல் பதிந்தால் பாட்டின் முதல் சொல் போய்விடும். உருண்டைப் பென்சில் உதவாது, வழுக்கும். பேனா எதுவானாலும் பொருந்தும் என்பவர்களை நம்பாதீர்கள்.

அறுபது கெசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிற கணக்கில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 86 மீட்டர் நாடா. அந்த 86 மீட்டருக்குள் எந்தப் பாட்டு, எந்த வரிசை என்று முடிவு செய்வது உங்கள் கையில். ஏ பக்கம் காஸ்ட்லெஸ் கலெக்டிவ். பி பக்கத்துக்கு, அந்தக் கூட்டத்தில் ராப் பாடிய அறிவு, ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் போட்ட 'தெருக்குரல்'. மிச்ச இடத்தில் 2021 மார்ச்சில் வந்து ஊரையே ஆட்டிய 'எஞ்சாயி எஞ்சாமி'. கடைசிப் பாட்டு இண்டியா என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அதை எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்று 2022இல் அறிவும் தீயும் சந்தோஷ் நாராயணனுமே ஆளுக்கொரு அறிக்கை விட்டார்கள். என் அலுமாரியில் எதை எங்கே வைப்பது என்பதற்கு நான் எவருக்கும் அறிக்கை விடத் தேவையில்லை.

புதுப் போன்கள் பலவற்றில் வயர் குத்தும் ஓட்டை இல்லை. ஆகையால் போனை மேசையில் வைத்து, டேப் ரெக்கோடரின் மைக்கை அதன் வாய்க்கு நேரே வைத்துத்தான் பதிய வேண்டும். சிவப்புப் புள்ளியுள்ள பொத்தானையும் பிளேயையும் ஒன்றாக அழுத்துங்கள். மூச்சு விடாதீர்கள். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லி வைத்தேன். அவர் முப்பது நிமிஷமும் சமையலறையில் ஒரு கரண்டியைக்கூட வைக்கவில்லை, முப்பத்தோராவது நிமிஷம் மொத்தமாகப் போட்டார். ஆனால் ஊரிடம் யார் சொல்வது? இரண்டாம் பாட்டில் மாத்தளைக் கோச்சி ஹோர்ன் அடித்தது. 1880இலிருந்து ஓடுகிற பாதை, என் பதிவுக்காக நிற்காது. மூன்றாம் பாட்டுக்கும் நாலாம் பாட்டுக்கும் இடையில், போனிலிருந்தே, சிங்களத்தில் ஒரு பிஸ்கட் விளம்பரம். ஐந்தாம் பாட்டில் இட ஒதுக்கீட்டைப் பற்றி ஆவேசம் உச்சத்துக்குப் போகிற இடத்தில், தூரத்தில் பீத்தோவன்.

இவற்றை அழிக்காதீர்கள். இதற்குத்தான் சேகரிப்பாளர் பாஷையில் 'அரிய பதிப்பு' என்று பெயர். உலகத்தில் இந்த ஆல்பம் வேறு யாரிடமும் இருக்கலாம். கிம்புலா பணிஸ் வண்டியோடு சேர்ந்தது என்னிடம் மட்டும்தான்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. உக்குவளையில் பவர் ஹவுஸ் இருக்கிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்ளால் கொண்டுவந்து இங்கே விழுத்தி, 1976இலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். எடுத்து முடிந்த தண்ணீர் சுது கங்கையில் போகிறது. எடுத்த கரண்ட் எங்கே போகிறது என்பது வேறு விஷயம். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது பவர் ஹவுஸ் ஊர்க்காரர்களாகிய நாங்களும் மெழுகுதிரிதான். 2025 பெப்ரவரி 9 இன்னும் விசேஷம். பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடு முழுக்க இருட்டாகிவிட்டது. அன்றைக்கு நான் பதிந்துகொண்டிருந்தது டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்த இன்னொரு குழு. குழுவின் பெயர் 'குரங்கன்'. பாட்டு நடுவில் டேப் இழுத்து, முனகி, நின்றது. இதில் யாரைக் குறை சொல்வது? பெரிய பற்றரி நாலு எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கராம்புச் சாக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். உறைக்கு வெட்டி ஒட்டிய அட்டையில் ஏறிய வாசம் இன்னும் போகவில்லை.

இப்போது பலனை அனுபவிக்கும் கட்டம். விருந்தாளியை வரவழையுங்கள். கண்டித் தோழன் வந்தான். மழையும் வந்தது. அலுமாரியைத் திறந்து, வேறு எதையோ தேடுகிற பாவனையில் இந்தக் கெசட்டின் மேல் கையை வைத்து, "ஓ, இதா..." என்று இழுக்க வேண்டும். 'இதா'வுக்குப் பிறகு மூன்று நொடி மௌனம். அவன் கேட்டான். நான் அயோத்திதாசரில் தொடங்கினேன். கீழ்ப்பாக்கம், பத்தொன்பது பேர், கானா என்பது சென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற பாட்டு, அதைத்தான் இவர்கள் மேடையேற்றினார்கள் என்றெல்லாம் இருபது நிமிஷம் பேசினேன். மழை விட்டிருந்தது. அவன் கதவைப் பார்த்தான். அவசரமாக பிளேயை அழுத்தினேன். சாயங்காலம் ஆறே கால்.

வாசலில் பக்கத்து வீட்டு அம்மாயி நின்றார். எண்பது தாண்டியவர். மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்தும் பாலும் எடுத்து முடித்து, மகளோடு இங்கே வந்து இருக்கிறவர். கையில் பாதி துருவின தேங்காய். மூச்சு வாங்கியது.

"யாரு ராசா?"

"கண்டியிலருந்து கூட்டாளி, அம்மாயி."

"அதில்ல. யாரு போயிட்டா?"

யாரும் போகவில்லை, கெசட் என்றேன். அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று காதைக் கொடுத்தார். அந்தப் பழைய டேப் ரெக்கோடர் முன்பதிவை முழுக்க அழிக்காது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அந்தக் கல்யாண நாதஸ்வரம் லேசாகக் கேட்கும். கேட்டது. அதற்கு மேல் அடுத்த பாட்டின் பறை விழுந்தது.

"நாயனமும் கேக்குது, சாவடியும் கேக்குது. கல்யாணமா எழவா, என்னா வீடு இது?" என்றார் அம்மாயி. "வெளக்கு வைக்கிற நேரத்துல ஊட்டுக்குள்ள சாவடி போடுறியே. நிப்பாட்டு மொதல்ல."

தோழன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் விடவில்லை. இது சாவுப் பாட்டு அல்ல, எதிர்ப்புப் பாட்டு. பறையைப் பற்றிய பார்வையை மாற்றியவர்கள் இவர்கள் என்று ஆரம்பித்தேன்.

"பறைங்கிற, நாங்க தப்புங்கிறோம். வேலைக்குப் போற பெரட்டுக்கு ஒரு அடி. சாமிக்கு ஒரு அடி. காமன் கூத்துக்கு ஒரு அடி. செத்தவங்களுக்கு ஒரு அடி. விடியக்கால பெரட்டு தப்பு கேட்டு எந்திரிச்சவ நான், எனக்குச் சொல்றியா?"

இங்கே வழிகாட்டியில் ஒரு திருத்தம். இந்த வகை ஆல்பத்தை விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குள் போடக்கூடாது. காலையில் போடலாமா என்று கேட்டேன். வெள்ளி, செவ்வாய் கூடாது என்றார். வேறெங்கே போடுவது? வெளியே, பலா மரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி. பற்றரி நாலையும் போட்டு டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மாயி ஈரக் கல்லில் தேங்காய்ப் பாதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ம், போடு" என்றார். தடை வீட்டுக்குத்தான், பாட்டுக்கு இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பி பக்கம் ஓடி ஓடி, 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அதை ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட ஆடிவிட்டார்கள், அம்மாயியும் எங்காவது கேட்டிருப்பார். ஆனால் அன்றைக்கு ஆட்டம் இல்லாமல் கேட்டார். பாட்டுக்குள் ஒப்பாரி இழுவை வருகிற இடத்தில் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். பின்னால் ஓட்டச் சொன்னார். திரும்பவும் கேட்டார்.

"இந்தப் பொண்ணு நல்லாத்தான் இழுக்குது. மூச்சு மட்டும் அவசரம். யாரு சொல்லிக் குடுத்தா?"

பாடுகிற பெண் தீ, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் என்றேன். எழுதிய பையன் அறிவு அரக்கோணம். அவனுடைய பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், பிறகு ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவர். அந்தப் பாட்டி சொன்ன கதையிலிருந்து வந்ததுதான் இந்தப் பாட்டு என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். தோழனுக்கும் சேர்த்து, 1964 ஒக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா எடுக்கிறது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்கிறது, மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள் என்று கணக்கையும் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

அம்மாயி கணக்கைக் கேட்கவில்லை. "எந்தக் கோச்சியில போனாவாம்?" என்றார்.

எனக்குத் தெரியாது.

தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிகளுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறினவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாவு வீட்டில் அழுகிற மாதிரியே சொல் கட்டி அழுவார்கள். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அம்மாயி படித்தவரல்ல. அவருடைய தங்கச்சி ஏறின பெட்டி மாத்தளையில் புறப்பட்டு, இதோ இந்த உக்குவளை ஸ்டேஷனில் ஒரு நிமிஷம் நின்றதாம். அம்மாயி முன்கூட்டியே நடந்து வந்து பிளாட்போமில் காத்திருந்தாராம், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று. "பொட்டி தெரியல. எந்தப் பொட்டின்னு தேடிக்கிட்டே பாடினேன். கோச்சி போயிருச்சு. பாட்டு மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு வாயில."

தோழன் இப்போது கதவைப் பார்க்கவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதை இந்த வழிகாட்டியில் மறைக்கக்கூடாது. நான் நினைத்தது: பி பக்கத்தில் இன்னும் நாலு நிமிஷம் இடம் இருக்கிறது. சென்னையிலிருந்து தருவித்த சரக்கு என்று நான் காட்டிக்கொண்டிருந்ததன் மூலப் பிரதி பக்கத்து வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறது. எவரிடமும் இல்லாத ஒன்று. மைக் தயார், பற்றரி தயார்.

"அம்மாயி, அன்னிக்குப் பாடினீங்களே, அத ஒருக்கா பாடுங்க. பதிஞ்சு வைப்போம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கடையில் இரவல் கேட்பவனைப் பார்க்கிற மாதிரி.

"சும்மா பாடினா யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயிரும். ஆளு விழுந்தாத்தான் வாயில வரும் ராசா, பொத்தான அமுக்குனா வருமா?"

"அப்ப எப்பதான் பாடுவீங்க?"

மேலும் கீழும் ஒருமுறை என்னைப் பார்த்தார். வயிறு, நரை, சீனி வருத்தக் குளிசை எல்லாம் அவருக்குத் தெரியும். "ஒனக்குப் பாடுறேன். அழகாப் பாடுறேன், பாரேன்" என்றார், மடியில் இருந்த தேங்காயைத் தட்டி எழுந்துகொண்டே.

"நான் கேக்க முடியாதே அம்மாயி?"

"நீ எதுக்குக் கேக்கணும்? ஊரு கேக்கும்."

ஆகவே, கெசட் செய்துகொள்பவர்கள் பி பக்கத்தின் கடைசியில் நாலு நிமிஷத்தைக் காலியாக விடவும். அங்கே நாதஸ்வரம் இருக்கும், பரவாயில்லை. முதுகுப் பக்கக் குழியில் ஒட்டிய செலோடேப்பை மட்டும் கழற்ற வேண்டாம். மழைக்காலத்தில் அதன் ஓரம் கிளம்பும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நகத்தால் அழுத்திவிடுங்கள்.